புளி போட்டுக் குளிப்பாட்டிய கைமணிகள்

“…இண்டைக்குத் திங்கட்கிழமைதானே, மாஸ்டர்? ஏசுறதெண்டால் இப்ப ஏசுங்கோ. நான் நிண்டு கேக்கிறன்.”

படலையைத் திறந்துகொண்டே பாக்கியமக்கா இதைச் சொன்னபோது நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை, பதில் சொல்ல ஏலாது. வாய் காலியாக இருந்திருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பாடகர் குழு நடத்தப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒரு கீர்த்தனைக்கு நாலு குரலும் கைமணியும் சேர்த்துப் புதிதாக எழுதுவது எப்படி என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது. நானும் புத்தகம் பார்த்துப் பழகியவன்தான். எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கவில்லை. புத்தகத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. எழுதியது முழுக்கச் சரியாக இருக்கும். அடிக்கிறவர்கள் சரியாக இருப்பார்கள். ஆராதனைக்கு ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். அப்போது உங்கள் வாய் என்ன செய்கிறது, காது என்ன செய்கிறது என்பதுதான் அது.

முதலில் இந்தத் திங்கட்கிழமை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்தியவர் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போனார். பஸ் நிலையத்தில் வழியனுப்பப் போன நான், ஏதாவது புத்தி சொல்லுங்கோ என்று கேட்டேன். சுரத்தைப் பற்றி, தாளத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் யன்னலால் தலையை நீட்டினார்.

“உமக்கு வாய் கூட. ஆராதனை நாளிலை ஆரையும் ஏசாதையும். அவைக்குத் தொண்டை இறுகும், உமக்குக் காது அடைக்கும். ஏசவேணுமெண்டால் திங்கட்கிழமை ஏசும்.”

பஸ் போய்விட்டது. என் சங்கீதப் படிப்பு அவ்வளவுதான்.

ஆனால் நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். குழுவுக்கு முன்னால் சட்டமாகவே அறிவித்தேன்: ஞாயிற்றுக்கிழமை ஏச்சு இல்லை, திங்கட்கிழமைதான். எல்லோருக்கும் நல்ல சந்தோஷம். ஏனென்றால் திங்கட்கிழமை வரும்போது எதற்கு ஏச நினைத்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கும்.

இனி மணிகள். வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது கொண்டுபோனதும் நிறைய, விட்டுப்போனதும் நிறைய. அப்படிப் போன ஒரு கப்பற்படைப் போதகர் எங்கள் சபைக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே பச்சைத் துணியில் படுத்துக்கொண்டு பன்னிரண்டு பித்தளைக் கைமணிகள். பெரியது சின்னச் சருவச்சட்டி அளவு; சிறியது தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஒவ்வொன்றும் ஒரு சுரம். மேலே பிடித்து ஆட்டுவதற்குத் தோல் வளையம். உள்ளே தோல் சுற்றிய நாக்கு. ஐந்தாறு வருஷம் அந்தப் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. மெழுகுதிரி தேடப்போன நான் திறந்தேன். ஒன்றை எடுத்து ஆட்டினேன். அன்றைக்கு மெழுகுதிரி கொண்டுபோக மறந்துவிட்டேன்.

பெட்டிக்குள் ஆங்கிலப் பாட்டுத் தாள்களும் இருந்தன. எங்களுக்கு அவை உதவாது. எங்கள் கீர்த்தனை வழுக்கிக்கொண்டு போகும், வளைந்துகொண்டு போகும், மணி வளையாது. ஆகவே, பாட்டு எங்கே காலூன்றி நிற்கிறதோ அந்த இடத்தில் மட்டும் மணி விழுகிற மாதிரி நானே எழுதினேன். உயிர்த்த ஞாயிற்றுக்கு ஒரு கீர்த்தனை. கடைசி அடியில், கல்லறை திறக்கிற இடத்தில், பாடகர்கள் எல்லோரும் நிறுத்த, மணிகள் மட்டும் படியேறி மேலே போகும். துறைமுகத்து டொக்யாட் ஸ்டோரில் கிளாக்காக இருந்த நான், அந்தக் கடைசி அடியைப் பழைய ரசீதுத் தாள்களின் பின்பக்கத்தில் பதினெட்டுத் தடவை மாற்றி எழுதினேன்.

அடிப்பதற்கு ஆள் வேண்டுமே. பாடகர்கள் மாட்டோம் என்றார்கள். அவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் பிடிக்கக் கை வேண்டுமாம். அப்போதுதான், குரல் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்பியவர்களின் ஞாபகம் வந்தது. அவர்களைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு மணி. தோல் வளையத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை மையால் இலக்கம் எழுதினேன். பாட்டு வரிகளுக்குக் கீழே அந்த இலக்கங்களை எழுதி மட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். உங்கள் இலக்கம் வந்தால் ஆட்டுங்கோ, வராவிட்டால் சும்மா நில்லுங்கோ. இவ்வளவுதான் பாடம்.

கப்பலில் மூட்டை தூக்குகிற வின்ஞ்ச் இயந்திரம் ஓட்டுகிற இராசதுரை ஒரு சின்ன மணியைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். “நாலு தொன் மூட்டை தூக்கேக்கை நடுங்காத கை மாஸ்டர், இதுக்கு நடுங்குது,” என்றார். பயிற்சி தொடங்கிய முதல் நாள் தெருப் பிள்ளைகள் சில்லறையோடு ஓடிவந்து ஆலய வாசலில் வரிசையாக நின்றார்கள். ஐஸ்பழக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஆறுபேர் கரைவாடிப் பக்கத்துச் சனம். மீன் பிடிப்பது, காயப்போடுவது, விற்பது. ஆலயத்தில் அவர்கள் இருப்பது கடைசி வரிசை வாங்குகளில். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி இருக்கவில்லை. எழுதாததால்தான் அதை அழிக்கவும் ஏலாமல் கிடந்தது. பாக்கியமக்கா அவர்களில் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பாடகர் குழுவில் சேர மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும், உங்கள் சத்தம் மற்றவர்களுடையதோடு சேராது, கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை போகும்போது திரும்பி நின்று கேட்டார்: “கூடினதைக் குறைக்கலாம், மாஸ்டர். இல்லாத ஆக்களுக்கு எங்கை போய் வாங்குவியள்?”

மணி வந்தபிறகு அவர் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். மணிக்காரர் நிற்பது பீடத்துக்குப் பக்கத்தில். அவருக்கு நாலாம் மணி.

ஆலய நிர்வாகக் குழுவுக்கு இது பிடிக்கவில்லை. செயலாளர் சுங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. “கோபுரத்திலை ஒரு மணி கிடக்கு, அதை அடிக்க ஒரு ஆளும் கிடக்கு. பிறகென்னத்துக்கு இன்னும் பன்னிரண்டு?” என்றார். கொழும்பில் ஒரு சபை அந்த மணிகளைத் தரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தது. கடைசியில் தீர்மானம் இதுதான்: உயிர்த்த ஞாயிறு ஒருநாள் அடித்துக் காட்டட்டும். நன்றாக இருந்தால் மணி இங்கே. இல்லாவிட்டால் அடுத்த கிழமை ரயிலில் கொழும்புக்கு.

நான் அதைக் குழுவுக்குச் சொன்னேன். பிறகு இராசதுரை சொன்னார்: “மணி போனால் நாங்களும் பழைய வாங்குக்குத்தான்.”

பெரிய வியாழனோடு பயிற்சி முடிந்தது. சனிக்கிழமை பாக்கியமக்கா என்னிடம் வந்தார். “மணி எல்லாம் கறுத்துக் கிடக்கு மாஸ்டர், உப்புக் காத்து. பெருநாளும் அதுவுமா இப்பிடியே வைக்கிறது? நான் கொண்டுபோய் மினுக்கிக்கொண்டு வரட்டே?”

“ஓம், ஓம், கொண்டுபோங்கோ,” என்றேன். எதைப் போட்டு மினுக்குவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இதை முதலாவது பிழையாகக் குறித்துக்கொள்ளுங்கள், என்னுடையது.

எங்கள் ஊர்க் குசினிகளில் பித்தளைக்கு ஒரு வழிதானே. புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு, ஒரு வாளி தண்ணீர். குத்துவிளக்கானாலும் செம்பானாலும் அதுதான். பாக்கியமக்கா செய்ததும் அதுதான். தோலோடு, நாக்கோடு, உள்ளும் புறமும்.

உயிர்த்த ஞாயிறு காலை ஏழரைக்கு அவர் ஒரு துணிப் பையோடு வந்து மணிகளை ஒவ்வொன்றாக வாங்கில் அடுக்கினார். தம்பிமாரே, பொன் என்றால் பொன். ஒவ்வொரு மணியிலும் என் முகம் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றை எடுத்து ஆட்டினேன்.

டொக்.

அடுத்ததை எடுத்தேன். அதில் அந்த டொக்கும் இல்லை. நாக்கில் இருந்த தோல் தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி ஊறியிருந்தது. நாக்கு ஆடுகிற பொருத்துக்குள் சாம்பல் போய் இறுகிவிட்டது. வளையத்துத் தோல் கறுத்து, நான் எழுதிய இலக்கங்களும் போய்விட்டன. பன்னிரண்டும் ஊமை; எது எந்த மணி என்றும் தெரியாது. ஆராதனை ஒன்பதுக்கு.

நான் ஏசத் தொடங்கினேன்.

ஏசியது முழுவதையும் எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதை எழுதாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியில்லை. “மீன் கழுவிற கைக்கு மணியைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டேன். மற்றப் பதினொருவரும் நின்றார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு மீன் கழுவுகிற கை.

பாக்கியமக்கா அழவில்லை. நான் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில், “ஏசி முடிச்சாச்செண்டால் நான் ஒண்டு சொல்லட்டே, மாஸ்டர்?” என்று கேட்டார்.

“ஒண்டும் சொல்லவேண்டாம்.”

அவர் வெறும் பையை மடித்து இடுக்கிக்கொண்டு வெளியே போனார். செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு நான் செய்த வேலையைக் கேளுங்கள். ஈரத்தைக் காயவைக்கவேண்டும் என்று எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு ஓடி, சிரட்டைக் கரி போட்டுச் சூடாக்கியிருந்த ஸ்திரிக்கைப் பெட்டியை வாங்கிவந்தேன். அவருடைய வெள்ளை அங்கிக்காக வைத்திருந்த சூடு. ஒரு மணியின் தோல் வளையத்தை வாங்கில் விரித்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். இராசதுரை மூக்கைச் சுளித்தார்.

“மாஸ்டர், தோல் வேகுது.”

தூக்கிப் பார்த்தால் வளையத்தில் பாதி கருகிப் போயிருந்தது. அந்த மணியை மற்ற மணிகளுக்கு நடுவில் வைத்து, ஒருவரும் பார்க்காத மாதிரித் திருப்பினேன். இது இரண்டாவது பிழை. மூன்றாவது இனித்தான் வரும்.

எட்டேகால் ஆகிவிட்டது. நான் மணிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அப்போது இராசதுரை பக்கத்தில் வந்து, காதோடு காதாகச் சொன்னார்:

“வின்ஞ்சிலை கயிறு சிக்கினால் நாங்கள் முதல் தேடுறது, கடைசியா இழுத்தவனை. அடிக்கிறதுக்கில்லை, மாஸ்டர். எந்தப் பக்கம் சிக்கினதெண்டு அவனுக்குத்தானே தெரியும். பாக்கியமக்கா ஏதோ சொல்ல வந்தவ. என்னெண்டு கேட்டனீங்களே?”

நான் சைக்கிளை எடுத்தேன். எங்கள் ஊரில் மாடு மாதிரி மானும் தெருவில் திரியும்; நடுவில் ஒரு புள்ளிமான் வழக்கம்போல் நின்றது. மணி அடித்தேன், அது அசையவில்லை. அன்று என் கையில் எந்த மணிக்கும் மதிப்பில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

பாக்கியமக்கா குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அக்கா, எட்டரையாகப் போகுது.”

“எங்களிட்டையும் மணிக்கூடு கிடக்கு.”

“நீங்கள் ஏதோ ஒண்டு சொல்ல வந்தனீங்கள்.”

“ஒண்டும் சொல்லவேண்டாமெண்டு ஆரோ சொன்னவை.”

“இப்ப சொல்லுங்கோ அக்கா.”

அவர் துருவுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பாட்டில் ஒரு இடைவெளி வரும்; எல்லோரும் நிறுத்தியிருப்பார்கள்; அடுத்ததாக நீங்கள்தான் எடுக்கவேண்டும். எத்தனையோ பேருக்கு அந்த இடத்தைக் கையால் காட்டிக் கொடுத்தவன் நான். எனக்கு அது வந்தபோது விட்டுவிட்டேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று சொல்லவேண்டிய இடத்தில், “நேரம் போகுது,” என்றேன்.

பாக்கியமக்கா பெருமூச்சு விட்டு எழும்பினார். “மணிக்காக வாறன், மாஸ்டர்,” என்றார். அதில் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். “ராவைக்குள்ளை காயட்டும் எண்டு இதிலைதான் கொழுவி விட்டனான். சொதி துளாவேக்கை அகப்பைக் காம்பு ஒரு மணியிலை பட்டுது. என்ன சத்தம் எண்டு நினைக்கிறியள்? அப்பிடியே கோயில். ஆட்டிப் பாத்தன், டொக். தட்டிப் பாத்தன், நல்ல நாதம். உள்நாக்குத்தான் செத்துப்போச்சு, மணி சாகேல்லை. வெளியாலை தட்டலாமெண்டு சொல்லத்தான் வெள்ளண வந்தனான்.”

ஏழரைக்கு என் காது திறந்திருந்தால் ஏழு முப்பத்தைந்துக்கு இந்தக் கதை முடிந்திருக்கும்.

சைக்கிளில் ஏறச் சொன்னேன். “உங்கடை ஓட்டத்திலை நான் ஏறமாட்டன்,” என்று சொல்லிவிட்டு, கணவரைக் கூப்பிட்டுத் தோணியில் இருந்து இரண்டு நீளத் துடுப்புகளை எடுக்கச் சொன்னார். நான் மானைச் சுற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தபோது, குறுக்கு ஒழுங்கையால் அவர்கள் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

பீடத்துக்குப் பக்கத்தில் பாட்டுப் புத்தகம் வைக்கிற இரண்டு மேசைகளுக்குக் குறுக்கே துடுப்புகளை வைத்துக் கட்டினோம். பெருநாள் சாப்பாட்டுக்காக ஆலயத்தின் பின்பக்கக் குசினியில் அகப்பைகள் கிடந்தன. சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் தரமாட்டோம் என்றார்கள். பிறகு, கழுவித் தரவேண்டும் என்ற வாக்குறுதியோடு தந்தார்கள். வெறும் காம்பு பட்டால் சத்தம் கூராக இருந்தது. பாக்கியமக்கா ஒரு பழஞ்சீலையைக் கிழித்து ஒவ்வொரு காம்பின் நுனியிலும் சுற்றினார்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. இலக்கம் இல்லாமல் எந்த மணி யாருக்கு? தட்டித் தட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று நான் முதலாவதை எடுக்கும்போது, பாக்கியமக்கா கையை நீட்டினார்.

“தாங்கோ. இது மூண்டு, விளிம்பிலை சிராய்ப்பு. இது பத்து, வயித்திலை ஒரு சின்னப் பள்ளம். இது என்ரை நாலு.”

“எப்பிடி அக்கா தெரியும்?”

“பன்னிரண்டையும் குளிப்பாட்டினது நானெல்லே. குளிப்பாட்டினவளுக்குப் பிள்ளையைத் தெரியாதே?”

கருகிய வளையம் உள்ள மணி அவர் கைக்கு வந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார். “இது ஏழு,” என்று மட்டும் சொல்லிக் கொழுவினார்.

கோபுர மணி அடித்தது. சனம் உள்ளே வந்தது. துடுப்பில் தொங்குகிற மணிகளையும், பக்கத்தில் அகப்பையோடு நிற்கிற பன்னிரண்டு பேரையும் கண்டதும் முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, “அம்மா, இங்கையே சாப்பாடு போடுகினம்!” என்று கத்தியது. ஆலயம் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் சிரிக்கவில்லை. அங்கியோடு வந்த போதகர் என் பக்கம் குனிந்து, “சமையல் எத்தினை மணிக்கு, மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அங்கி கொஞ்சம் கசங்கித்தான் இருந்தது.

பாட்டுத் தொடங்கியது. முதல் அடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது, நான் எழுதியது இது இல்லை என்று. கையில் பிடித்து ஆட்டுகிற மணியை மார்பில் ஒற்றி நிறுத்தலாம். தொங்குகிற மணியை யார் நிறுத்துவது? ஒன்றின் சத்தம் அடங்குமுன் அடுத்தது ஏறியது. இரண்டும் மூன்றும் கலந்து குழம்பின. போதாக்குறைக்கு இராசதுரை தன் மணியை நாலு தொன் மூட்டை மாதிரி அடித்தார்.

இப்படியான நேரத்தில் இரண்டு வழி இருக்கிறது. எழுதியதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓடலாம், அல்லது அந்த இடத்திலேயே கைவிட்டுக் காதைக் கேட்கலாம். நான் கையை இறக்கினேன். பாடகர்கள் என்னைப் பார்த்தார்கள். பாதி வேகத்துக்குக் குறைத்தேன். ஒரு மணி விழுந்தால், அதன் சத்தம் அடங்கும்வரை பாடகர்களைக் காத்திருக்க வைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஆலயத்துக்குள் ஒரு ரீங்காரம் நின்றது, கடல் வற்றும்போது கரையில் நிற்கிற தண்ணீர் மாதிரி. அதற்குமேல் அடுத்த வரி வந்து மெதுவாக இறங்கியது. பதினெட்டுத் தடவை மாற்றி எழுதியதில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றாத வேகம் அது.

கடைசி அடி. பாடகர்கள் நிறுத்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் பாக்கியமக்கா அகப்பையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, தொட்டார். அடித்தார் என்று சொல்ல ஏலாது. பன்னிரண்டு படியும் ஏறி முடிந்தபிறகு ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஆராதனை முடிவில் போதகர் எழுந்து, எங்கள் மாஸ்டர் மணிக்குப் புதியதொரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று புகழ்ந்தார். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

காலையில் நடந்த புளிக் கதை ஏற்கெனவே காதுக்குப் போயிருந்த செயலாளர் வந்து மணிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருந்தது. மணி இங்கையே இருக்கட்டும்,” என்றார். எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அவர் ஏழாம் மணியைப் பிடித்துத் திருப்பினார். “இதென்ன தோல் கருகிக் கிடக்கு? இதுவும் அந்தப் புளி வேலைதானோ?”

“ம்,” என்றேன்.

அந்த ஒரு “ம்”. அதுதான் மூன்றாவது பிழை. மற்ற இரண்டையும் சேர்த்தாலும் இதன் பாரத்துக்கு வராது.

“அப்ப இனிமேல் மணி அவவின்ரை கையிலை போகக்கூடாது. வேறை ஒராளைப் பாருங்கோ,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். திரும்பினேன். பாக்கியமக்கா ஒரு கை நிறைய அகப்பைகளோடு, கழுவக் கொண்டுபோகிற வழியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். போய்க் கழுவினார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாட்டு வெல்லுகிற நாளில்தான் கவனம் வேண்டும். தோற்ற நாளில் எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிழையை ஒளிக்க இடமில்லை. வென்ற நாளில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்தச் சந்தோஷத்துக்குள் உங்கள் பிழையை இன்னொருவருடைய பையில் போட்டுவிடுவது மிகவும் சுலபம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், பாக்கியமக்காவுக்கு என்ன ஆனதோ என்று நீங்கள் கவலைப்படவேண்டாம். அடுத்த ஞாயிறு, அறிவித்தல் வாசிக்கிற நேரத்தில் நான் எழுந்து சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பை யாருடைய கண்டுபிடிப்பு, தோல் யாருடைய கைவேலை, யாருடைய கையைப் பற்றி என்ன வார்த்தை சொன்னேன் என்பது வரைக்கும். மணிப் பெட்டியின் பூட்டும் திறப்பும் பாக்கியமக்காவின் கைக்குப் போனது. நான் குழுவை விடும்வரை அது அவரிடம்தான் இருந்தது. நாக்குகளுக்குப் புதுத்தோல் போட்டபிறகும் அந்தக் கீர்த்தனையை நாங்கள் அகப்பையால்தான் அடித்தோம், அந்த மெதுவான வேகத்தில்தான் பாடினோம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்ற துணிவு எனக்குச் சொந்தமாக வந்ததில்லை. அது பெருநாளுக்கு மறுநாள், நான் பல் விளக்கிக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை காலையில் வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். பாக்கியமக்கா முற்றத்தில் நின்றார். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை மீன் கொண்டுவந்திருக்கிறார். படிக்கட்டில் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

“ஏச ஒண்டும் இல்லை அக்கா,” என்றேன்.

“இல்லையே? அப்ப நான் ஒண்டு கேக்கட்டே? நேற்று முழுக்க யோசிச்சுப் பாத்தன், விளங்கேல்லை. நீங்கள் படிச்ச ஆள்.” முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. “புளி முக்கோணமா எரிக்குமோ, மாஸ்டர்?”

ஸ்திரிக்கைப் பெட்டியின் மூக்கு ஏழாம் மணியின் தோலில் அப்படியே அச்சடித்திருந்தது. பெண்கள் யாராவது ஒருதரம் பார்த்தால் போதும். செயலாளர் வீட்டில் துணி ஸ்திரிக்கை போடுவது அவர் இல்லை, அதனால் நான் தப்பினேன்.

உள்ளே என் மனைவி சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நான் படியில் இறங்கி முற்றத்துக்கு வந்தேன்.

“அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மணியைச் சுட்டது நான். கையைப் பற்றிச் சொன்னதும் நான். இப்பவே போய்ச் செயலாளரிட்டைச் சொல்லுறன். ஏசவேண்டியது நீங்கள். திங்கட்கிழமைதானே, நல்லா ஏசுங்கோ. ஆனால் நிண்டுகொண்டு வேண்டாம். மேலை வந்து இருந்து ஏசுங்கோ.”

பாக்கியமக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, படி ஏறி, விறாந்தையில் சுவரோடு கிடந்த என் சாய்வுக் கதிரையை நடுவுக்கு இழுத்துப் போட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அதில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். குசினிப் பக்கம் திரும்பி, “தங்கச்சி, ஒரு வெறுந்தேத்தண்ணி போடுங்கோ, இது கொஞ்சம் நேரமெடுக்கும்,” என்று சொன்னார். பிறகு, மூன்று தடவை நான் திருப்பி அனுப்பிய அந்தத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடங்கினார்.